சுரண்டைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை

தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது என்னிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் மாற்றுத் துணி, இன்னொன்றில் என் மகளின் கல்யாணப் பத்திரிகைகள். மேலாக இருந்த பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, ஆனால் உறையில் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டிய பெயர் எனக்கும் தெரியாது, மஸ்கட்டிலிருந்து என்னை அனுப்பி வைத்த என் வீட்டுக்காரருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பு, இந்த ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு ஒயின் ஷாப் பாரில், இவரோடு தினமும் கட்டிங் போட்டவர் அவர். பாரில் அவருக்கு 'சுரண்டை' என்று பெயர். இவருக்கு 'ராஜபாளையம்'.

கட்டிங் என்றால் என்னவென்று தெரியாத உத்தமர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவர் கடை வாசலில் நிற்பார். அவரைப் போலவே இன்னொருவர் வருவார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, "கட்டிங்கா?" என்பார்கள். ஒரு குவார்ட்டர், இரண்டு டம்ளர், ஆளுக்குப் பாதி. பெயர், சாதி, வேலை எதையும் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசும்போதுகூட இவ்வளவு சீக்கிரம் முடிவுக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் அப்போது சிவகாசி அச்சகம் ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தார். திருத்தங்கல்காரரை ஏன் ராஜபாளையம் என்று கூப்பிட்டார்கள் என்று நான் கேட்டதில்லை. ஊருக்குப் போகிற ரயில் ராஜபாளையம் வழியாகப் போவதால் இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் இவர் டம்ளரை எடுக்கும்போது சுரண்டை கையைப் பிடித்துவிட்டாராம். ட்யூப்லைட்டுக்குக் கீழே இவரை இழுத்துக்கொண்டு போய், கீழ் இமையை விரலால் இழுத்து, "கண்ணைக் காட்டுலே" என்று உற்றுப் பார்த்திருக்கிறார். கண் மஞ்சளாக இருந்திருக்கிறது. தன் பங்கையும் இவர் பங்கையும் சேர்த்துத் தரையில் கொட்டிவிட்டு, கையைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், தானே டிக்கெட் எடுத்து, பாசஞ்சரில் ஏற்றிவிட்டார். ஊர் டாக்டர், இன்னும் கொஞ்ச நாள் குடித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டான் என்றாராம். இவர் அதோடு குடியை விட்டார். அப்புறம் என்னைக் கட்டினார், மஸ்கட்டில் அச்சகம் வைத்தார், மகள் பிறந்தாள். அந்த மகளுக்குத்தான் ஆவணியில் மதுரையில் கல்யாணம்.

"முதல் பத்திரிகை குலசாமிக்கு. ரெண்டாவது அவனுக்கு. அவன் கையில குடுக்காம வேற யாருக்கும் வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவரே வந்திருப்பார், குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. இடையில் ஒருமுறை வந்து தேடியதாகச் சொல்வார். பார் இருந்த இடத்தில் செருப்புக்கடை இருந்ததாம், ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். ஆண்கள் தேடுகிற லட்சணம் அவ்வளவுதான். நாலு பேரிடம் வாய் திறந்து கேட்பதற்குக் கௌரவம் இடம் கொடுக்காது. எனக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. எத்தனை நாள் ஆனாலும் அந்த ஆளைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மஸ்கட்டில் இப்படி விழுந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு விடுவார்கள். இங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் முதலில் நின்றவரிடம் போய், "இந்த ஸ்டேஷன் பக்கத்துல முன்னாடி ஒரு பார் இருந்துச்சாமே, எங்கே?" என்றேன்.

அவர் என் தாலியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "யாருக்கு அக்கா?"

"எனக்குத்தான்."

"கடை மத்தியானத்துக்கு மேலதான் தொறப்பாவ" என்றார், மரியாதை குறையாமல்.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் உற்சாகமாகிவிட்டார். பெயர் காஜா. சவுதியில் பல வருடம் டிரைவராக இருந்துவிட்டு வந்து ஆட்டோ வாங்கியவர். "நான் குடிக்கதில்ல அக்கா. ஆனா கடையெல்லாம் எங்க இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுதேன். ஏறுங்க" என்றார். ஏறினேன். அடுத்த இரண்டு நாளும் இறங்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

தென்காசி ஸ்டேஷனைச் சுற்றி ஒரு காலத்தில் குடிப்பதற்கு இடங்கள் நிறைய இருந்திருக்கின்றன. கேரளத்துக்குப் போகிற வண்டி, மதுரைக்குப் போகிற வண்டி, குற்றாலத்துக்கு வருகிற கூட்டம், எல்லாருக்கும் தாகம். ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே கையால் திசை காட்டினார். "அங்கன ஒரு மாடிக்கடை இருந்துச்சு. ஏறும்போது எல்லாரும் ஒழுங்காத்தான் ஏறுவான். இங்கன ஒரு கல்லுக்கட்டடக் கடை. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால கொட்டகைக்கடை. மீட்டர்கேஜ் வண்டி போச்சு, அதுவளும் போச்சு." வருத்தமா சந்தோஷமா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை. டீயில் சுக்குப் போட்டிருந்தார். நன்றாக இருந்தது, இன்னொன்று வாங்கிக் குடித்தேன்.

மாடிக்கடை இப்போது ரத்தப் பரிசோதனை நிலையம். முன்பு உள்ளே விட்டதை இப்போது வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். கல்லுக்கட்டடக் கடையில் செல்போன் விற்கிறார்கள். இப்போது குடிக்கிறவர்கள் ஊருக்கு வெளியே வயற்காட்டுப் பக்கம் பைக்கில் போய் வருகிறார்கள் என்றார் காஜா. ரயிலை விட்டு இறங்கி நடந்துபோய்க் குடித்த காலம் முடிந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சொன்ன பார் கொட்டகைக்கடைதான். தகரக் கொட்டகை போய்விட்டது. செருப்புக்கடையும் போய்விட்டது. ஆனால் வாசல் முழுக்கச் செருப்புகள். இப்போது அது பயிற்சி மையம், உள்ளே இளைஞர்கள் வரிசையாக உட்கார்ந்து காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்தில் போலீசிலோ ராணுவத்திலோ ஆள் இல்லாத வீடு குறைவு. நடத்துகிறவரிடம் அனுமதி கேட்டு எட்டிப் பார்த்தேன். போலீஸ் வந்தால் ஓடிய இடத்தில் போலீஸ் ஆவதற்குப் படிக்கிறார்கள் என்று சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்தச் சுவரில் இருந்த ட்யூப்லைட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது பழைய ட்யூப்லைட்டாக இருக்க வழியே இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் கேரள எல்லைப் பக்கம் இருக்கிற பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிட்டேன். எங்கள் மதுரையில் புரோட்டாவைக் கொண்டாடுவோம், அதில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தச் சின்னப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டு நாட்டுக்கோழிச் சால்னாவை ஊற்றிய பிறகு மதுரையைப் பற்றிப் பேசாமல் இருந்தேன். பாதியில் என் மூத்த நாத்தனார் போன் செய்தார். "ஊருக்கு வந்து இறங்கியாச்சாம், எங்களுக்கு இன்னும் பத்திரிகை வரலையே? யாருக்கு முதல்ல வைக்கிறே?" என்றார். குடிகாரருக்கு என்று சொல்ல முடியுமா? சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். கூடப் பிறந்த அக்காவுக்கு முன்னால் யாருக்கோ பத்திரிகை வைத்தது தெரிந்தால் கல்யாணப் பந்தலில் என்னைத்தான் வறுப்பார்கள். ஆடி மாதம் முடிவதற்குள் எல்லாப் பத்திரிகைகளையும் கொடுத்தாக வேண்டும். குலசாமிக்கு வைத்தாயிற்று, இந்த ஒன்று போகாமல் மற்றவை பையைவிட்டு நகராது.

மறுநாள் சுரண்டைக்குப் புறப்பட்டோம். சாரல் மழையாகிவிட்டது. காஜாவின் ஆட்டோவில் வைப்பர் தானாக ஓடாது. அதில் ஒரு சணல் கயிறு கட்டி, உள்பக்கம் விட்டிருந்தார். "இதை மட்டும் இழுத்து இழுத்து விடுங்க அக்கா" என்றார். சுரண்டை போய்ச் சேரும்வரை பின்சீட்டிலிருந்து எட்டிக் கயிறு இழுத்தேன். வழியில் பிளக்கில் தண்ணீர் புகுந்து ஒருமுறை நின்றது. வாடகையும் கொடுத்து வேலையும் பார்த்த பயணம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

சுரண்டை சந்தை ஊர். காய்கறி மூட்டைகள், தேங்காய்க் குவியல்கள், லாரிகள். என் வீட்டுக்காரர் தந்த அடையாளம் இரண்டே இரண்டு. இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு, தேங்காய் வியாபாரம். தேங்காய் மண்டிகளில் ஒவ்வொன்றாக ஏறினேன்.

"இடது புருவத்துல தழும்பு இருக்கும். முன்னாடி குடிப்பார்."

"முன்னாடி குடிச்சவரா? அது பாதி ஊரும்மா" என்றார் ஒரு மண்டிக்காரர்.

இன்னொருவர் பரிவோடு யாரையோ ஆளனுப்பிக் கூட்டிவந்தார். அவருக்கும் தழும்பு இருந்தது, வலது புருவத்தில். கண்ணாடியில் பார்த்தால் சரியாக இருக்கும் என்று காஜா மெல்லச் சொன்னார். மூன்றாவது மண்டியில் ஒருவர் எழுந்து நின்று, "எங்க ஊர்க்காரன் தென்காசியில போயி குடிச்சான்னு எவன் சொன்னது? இங்க இல்லாத கடையா?" என்று சண்டைக்கு வந்தார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. சுரண்டையில் கடை இருக்கும்போது தினமும் தென்காசிக்குப் பஸ் ஏறி எவன் குடிப்பான்? அந்தக் கேள்வியை நான் அப்போதே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கோபத்தில் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் நனைந்த கோழியாகத் தென்காசி திரும்பினேன். முதல்முறையாக எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. அந்த மனிதர் இறந்து போயிருந்தால்? கண்டுபிடித்தாயா என்று கேட்டால் என்ன சொல்வேன் என்று மாவுக்கட்டோடு மஸ்கட்டில் உட்கார்ந்திருக்கிறவரை நினைத்துக்கொண்டேன்.

ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில் ஓர் அம்மாள் தள்ளுவண்டியில் அவித்த முட்டை விற்றுக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். பெயர் பேச்சியம்மாள் என்று பின்னால் தெரிந்தது. பசித்தது, ஒரு முட்டை கேட்டேன். உரித்து, ஒரு நூலைச் சுற்றி இழுத்தார். முட்டை இரண்டு சரிபாதியாக விழுந்தது. மிளகுத்தூளைத் தூவி நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வீட்டில் இப்படித்தான் முட்டையை அறுப்பார். தையல் பெட்டியிலிருந்து நூலை உருவிக்கொண்டு போவார், நான் திட்டுவேன். கட்டிங்குக்கு ஒற்றை முட்டையைத்தான் இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள் என்று அவர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"முன்னாடி கொட்டகைக்கடை வாசல்ல முட்டை வித்தது நீங்களா?" என்றேன்.

"ஆமா. வயித்துல புள்ளையோட நின்னு வித்தேன். அதுக்கென்ன?"

"ராஜபாளையம், சுரண்டைன்னு ரெண்டு பேரு…"

"ஒத்த முட்டைக்காரங்களா!" பேச்சியம்மாள் நூலைக் கீழே வைத்துவிட்டார். "அந்த ராஜபாளையத்தான் திடீர்னு வரல. பெறகு சுரண்டை மட்டும் வந்து வாசல்ல நின்னுட்டுப் போவாரு. உள்ள போக மாட்டாரு. நீங்க யாரு?"

"ராஜபாளையத்தோட பொண்டாட்டி. சுரண்டைக்குப் போயி தேடிட்டு வாரேன், கிடைக்கல."

அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "அவரு சுரண்டையே கெடையாதும்மா. வடகரைக்காரரு. பாருக்குள்ள எவன் சொந்த ஊரைச் சொல்லுவான்? வீட்டுக்குச் சேதி போயிரும்லா. பக்கத்துல ஏதாவது ஒரு ஊரைச் சொல்லுவானுவ. எல்லாவனும் அப்பிடித்தான். ஆனா எந்த பஸ்ஸுல ஏறுதான்னு நான் இங்கன இருந்து பாக்கேன்லா."

காஜா நெற்றியில் அடித்துக்கொண்டார். "வடகரையா? இடது புருவத்துல வெட்டா? தென்னந்தோப்பு மாடசாமி அண்ணாச்சி! எங்க தெருவுக்கு அடுத்த தெரு அக்கா. நேத்து காலம்பறகூட பாத்தேன்."

"ரெண்டு நாளா தழும்பு தழும்புன்னு கத்தினேனே?"

"நீங்க சுரண்டைன்னு சொன்னியளே. வடகரையில எதுக்கு நெனைப்பேன்? அவரு குடிச்சும் நான் பாத்ததில்லியே."

கயிறு இழுத்து என் கை வீங்கியிருந்தது. ஆனாலும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பாதி முட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்குப் போன் போட்டேன். "நீங்க பாருல உங்க ஊரு என்னன்னு சொன்னீங்க?"

"ராஜபாளையம்."

"ஏன்?"

"திருத்தங்கல்னு சொன்னா எங்கப்பாவுக்குத் தெரிஞ்ச யாராவது இருந்துட்டா? எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. அவன் ராஜபாளையம் வரைக்கும்தான் டிக்கெட் எடுத்துக் குடுத்தான். அதுக்கு மேல காய்ச்சலோட வித்தவுட்ல வந்தேன்."

"அவரும் ஊரை மாத்தித்தான் சொல்லியிருக்கார். கூட்டாளிகள் நல்லாத்தான் சேர்ந்திருக்கீங்க" என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்ப அவன் என்னைத் தேடியிருந்தா ராஜபாளையத்துலதானே தேடியிருப்பான்" என்றார். குரல் உடைந்திருந்தது. நான் திட்டுவதை நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாம் நாள் ஆடி அமாவாசை. அமாவாசையன்று பத்திரிகை வைக்கலாமா கூடாதா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் எனக்கு நேரமில்லை. காலையில் குளித்து, பட்டுப்புடவை கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். இரண்டு பக்கமும் நெல் வயல், அதற்கு மேல் தென்னை, அதற்கும் மேல் மேகம் மூடிய மலை. மழை விட்டிருந்ததால் கயிறு இழுக்கிற வேலை இல்லை. வெற்றி பெற்றவள் தோரணையில் சாய்ந்து உட்கார்ந்து போனேன்.

மாடசாமியின் வீட்டில் அவர் மனைவி மட்டும் இருந்தார். தாட்டியான, முகம் நிறையச் சிரிக்கிற பெண்மணி. காஜாவைப் பார்த்து, "வாப்பா, யாரைக் கூட்டிட்டு வந்திருக்க?" என்றார். அண்ணாச்சி எங்கே என்று கேட்டதற்கு, "குத்தாலத்துக்குப் போயிருக்காவ, அமாவாசைல்லா. போனைக்கூட வச்சிட்டுத்தான் போவாவ" என்றார்.

"அவங்க அப்பாவுக்கா?" என்றேன் பேச்சுக்கு.

"மாமாவுக்கும் குடுப்பாவ. பெறகு ராஜபாளையத்துக் கூட்டாளி ஒருத்தருக்கும்."

தட்டை நான் எப்படிக் கீழே போடாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. "எந்தக் கூட்டாளி?"

"கல்யாணமான புதுசுல இவிய குடிப்பாவ. அப்ப ஒரு கூட்டாளிக்குக் காமாலை வந்து, இவியதான் ரயில் ஏத்தி விட்டாவளாம். பெறகு ஆளையே காணல. ராஜபாளையத்துக்குப் போயி தெருத் தெருவா தேடுனாவ. அப்பிடி ஒரு ஆளே இல்லைன்னுட்டாங்க. உசுரோட இருந்தா அவன் பங்கைக் கேட்டு வந்திருப்பான், செத்துத்தான் போனான்னு சொல்லி அழுவாவ. அதோட குடியை விட்டாவ. அந்த மனுசன் பேருகூட தெரியாது. ஊருப் பேரைச் சொல்லித்தான் எள்ளும் தண்ணியும் விடுதாவ, வருசா வருசம்."

எனக்குச் சடங்குகளில் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழிவிட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போவேன். ஆனால் மகளுக்குக் கல்யாணம் வைத்துக்கொண்டு, மஸ்கட்டில் கால் நீட்டி உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருக்கிற என் புருஷனுக்கு ஒருவர் எள்ளும் தண்ணீரும் விடப் போகிறார். இத்தனை வருடம் விட்டது எனக்குத் தெரியாது, போகட்டும். தெரிந்த பிறகு எப்படி விட்டுவிட முடியும்? நம்பிக்கை இல்லாத நான் தட்டோடு ஓடிப்போய் ஆட்டோவில் ஏறினேன். செருப்பு மாடசாமி வீட்டு வாசலிலேயே கிடந்தது.

இலஞ்சி தாண்டியதும் வண்டிகள் நின்றுவிட்டன. சீசன் கூட்டமும் அமாவாசைக் கூட்டமும் சேர்ந்து ரோடு நிறைந்திருந்தது. காஜா சந்து பொந்தெல்லாம் புகுந்து பார்த்தார். கடைசியில், "இறங்குங்க அக்கா, நடந்தாத்தான் போக முடியும்" என்று ஆட்டோவை ஒரு சிப்ஸ் கடை ஓரத்தில் விட்டார். பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தட்டை ஏந்தி, வெறுங்காலோடு நடந்தேன். "மங்குஸ்தான் வாங்கிட்டுப் போங்க அம்மா" என்றான் ஒருவன். எண்ணெய் தேய்த்த உடம்போடு எதிரே வந்தவர்கள் என் புடவையில் உரசாமல் ஒதுங்கினார்கள். கோயிலுக்குப் போகிற தட்டு என்று நினைத்திருப்பார்கள்.

அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கியதும் வேறு எதுவும் கேட்கவில்லை. மெயின் அருவிக்குப் பக்கத்தில், படித்துறையில், ஆண்கள் வரிசையாக வாழையிலை விரித்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஈர வேட்டி, எல்லாருக்கும் முதுகுதான் தெரிந்தது. காஜா வரிசையைக் கடந்து ஓடி, ஓர் இடத்தில் நின்று கை காட்டினார்.

நரைத்த தலை, அகன்ற முதுகு. எதிரே குருக்கள் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அப்பாவுக்கு ஆச்சு. அடுத்து? பேரைச் சொல்லும்."

"வருசா வருசம் சொல்லுததுதான் சாமி. ராஜபாளையம்."

உள்ளங்கையில் எள் இருந்தது. மறு கையில் சொம்பு சாய்ந்துகொண்டிருந்தது. என் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தலாமென்றால் அந்தப் பெயர் அவருக்குத் தெரியாது. இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, அருவிச் சத்தத்துக்கு மேலே, "ராஜபாளையம் சாகலை!" என்று கத்தினேன்.

வரிசை முழுக்கத் திரும்பியது. ராஜபாளையத்துக்கு என்ன ஆயிற்று என்று யாரோ பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். மாடசாமி மட்டும் அசையவில்லை. சொம்பு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது.

"யாரும்மா நீ?"

"அவரோட பொண்டாட்டி, அண்ணாச்சி. அவர் ஊரு ராஜபாளையமே இல்லை. திருத்தங்கல். நீங்க சுரண்டைன்னு சொன்ன மாதிரி அவரும் பொய் சொல்லியிருக்கார். நல்லா இருக்கார். அன்னிக்கு விட்ட குடியை இன்னும் தொடலை. எங்க மகளுக்குக் கல்யாணம்."

அவர் குருக்களைப் பார்த்தார். "இத்தன வருசம் விட்டதெல்லாம் என்ன ஆவும் சாமி?"

குருக்கள் கொஞ்சம் யோசித்தார். "கேக்க நாதியில்லாம எத்தனையோ பேர் போயிருக்கா. யாராவது ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். எள்ளை இலையில போட்டுட்டு எழுந்திரும்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அவருக்கு அன்று நிறைய வேலை இருந்தது.

நான் தட்டை நீட்டினேன். மாடசாமி கை நீட்டி, பாதியில் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். விரல்களில் எள் ஒட்டியிருந்தது. "எள்ளுக் கையி தங்கச்சி. கல்யாணப் பத்திரிகையை இதால தொடக் கூடாது. இரு, குளிச்சிட்டு வாரேன்" என்று அருவிக்குப் போனார். கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்து நெடுநேரம் நின்றார். அருவிக்குக் கீழே நிற்பவர் அழுதால் யாருக்கும் தெரியாது. கரையில் நின்ற எனக்குத்தான் தெரிந்துவிட்டது. காஜா எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து, தலை துவட்டி, திருநீறு பூசி, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். பத்திரிகையைப் பிரித்து, "இதுல எது அவன் பேரு?" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன். புருஷன் பெயரை வாயால் சொல்லாத பழக்கம் மஸ்கட் போயும் என்னை விடவில்லை. அவர் அந்தப் பெயரை இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தார், வாய்க்குச் சரிப்படவில்லை என்பது போலத் தலையை ஆட்டினார். உறையில் அவர் பெயரை எழுதப் பேனாவை எடுத்தேன். "மாடசாமின்னா அவனுக்கு யாருன்னு தெரியாது. சுரண்டைன்னு போடு" என்றார். அப்படியே போட்டேன்.

சத்தம் குறைவாக இருந்த சிப்ஸ் கடைக்கு வந்து மஸ்கட்டுக்கு வீடியோ கால் போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்தார். நான் ஒன்றும் சொல்லாமல் போனை மாடசாமி கையில் கொடுத்தேன். என்னென்னவோ பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். என் வீட்டுக்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "ஏ சுரண்டை" என்றார், அவ்வளவுதான் வந்தது.

மாடசாமி நலம் விசாரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கண்ணைக் காட்டுலே" என்றார்.

மஸ்கட்டில் என் புருஷன் கண்ணாடியைக் கழற்றினார். கேமராவுக்கு அருகில் வந்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்தார். திரை முழுக்க ஒற்றைக் கண், அதில் நிறைந்து நின்ற நீர். மாடசாமி சிப்ஸ் கடை விளக்குக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்து, அவசரமில்லாமல் உற்றுப் பார்த்தார்.

"வெள்ளையாத்தான் இருக்கு" என்றார்.